மாஸ்டரின் புலவரும் என் வெள்ளிக்கிழமையும்

1985 நவம்பர் 12, செவ்வாய்

தபால்காரன் இன்றைக்கு எங்கள் அகதி விடுதி மாடிக்கு வரவில்லை. கீழே சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டதும் எழும்பி நின்றேன். அவன் திரும்பிப் போகும் வரைக்கும் உட்காரவில்லை. என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு மஞ்சள் உறையிலேதான் வருமாம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறது பக்கத்து அறைப் புஸ்பவதி. எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு. வியாழக்கிழமைகளில் உடுப்புக் கொண்டுவருகிற தேவாலயத்து அம்மா, ஆளுக்கொரு கொப்பி தந்து, நெஞ்சில் கிடக்கிறதை எழுதுங்கோ என்று கைபாஷையில் காட்டினா. எனக்கும் தந்தா. வேண்டாம் என்று சொல்ல வெட்கம். புஸ்பவதி சொன்னாள், "அப்பு, நீங்கள் பிள்ளையை வைச்சிருங்கோ, நான் எழுதுறன்." அவளின் குழந்தை ஜெயமலர் வேறு ஆரிடமும் போகாது. என் மடியில் மட்டும் கிடக்கும். புருசனைப் பேர்லினில் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் இந்தப் பக்கம், கெல்சென்கிர்ச்சனுக்கு, வர அவனுக்கு அனுமதி இல்லை.

நான் பேச்சிலே சொல்லுகிறதை அவள் எழுத்திலே திருத்திப்போடுகிறாள். இருக்கட்டும். படித்த பிள்ளை.

1985 நவம்பர் 15, வெள்ளி

வெள்ளி வந்தால் எனக்கு அது வரும். எழுது பிள்ளை. இதை மட்டும் திருத்தாதை.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. போயிலைக்கு மூண்டாம் தண்ணி. நான் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறன். மிசின் இறைக்குது. கிழக்கு ஒழுங்கையாலை ஒரு ஜீப்பு, பின்னாலை ஒரு ட்ரக். கிணத்தடியிலை ரெண்டு பொடியள். ஒண்டு இராஜேஸ்வரியின்ரை மோன். மற்றது ஆரெண்டு தெரியாது. எழும்பச் சொன்னாங்கள், எழும்பினாங்கள். நடக்கச் சொன்னாங்கள், நடந்தாங்கள். பனையடியிலை ரெண்டு வெடி. பேந்து ஒரு வெடி. ட்ரக் போயிட்டுது. மிசின் நிக்கேல்லை. தண்ணி வாய்க்காலை முறிச்சு ஓடினது.

இது நான் எங்கள் ஊர்ப் பிரஜைகள் குழுவுக்கு முன்னால் சொன்ன சாட்சி. முன்வாங்கில், முதல் வரிசையில், தாய் இராஜேஸ்வரி இருந்து கேட்டவ. அதற்குப் பிறகுதான் ஆமி வந்து என் புகையிலை உலர்த்துகிற குடிலைக் கொளுத்தினது. என் பேரைச் சொல்லித் தேடினார்கள். என் மனிசி அன்னப்பிள்ளை என்னை வீட்டிலே நிற்க விடவில்லை. தன் தமையன் மகனைப் பிடித்து என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டுத் தான் மல்லாகத்தில் தங்கச்சியோடு இருக்கிறாள்.

போன மாதம் இங்கத்தை அகதிகள் கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், விசாரணை. இதே சாட்சியைத்தான் சொன்னேன். ஜீப் வருகிற இடத்தில் விசாரித்த துரை கையைத் தூக்கி மறித்தார். இந்தியாக்காரர் ஒருவர் மொழி பெயர்த்தவர், பார்த்தசாரதி என்று பேர். நல்ல மனுசன். "பெரியவரே, சார் கேக்கறது ஜீப் என்ன கலர்னு. அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

எனக்கு வாய் கட்டிவிட்டது. எங்கள் கோயில் புராணப்படிப்பில் ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பொருள் விரித்துப் பயன் சொல்லுவார். வாசிக்கத் தெரியாத நான் தூணோடு குந்தியிருந்து வருசக்கணக்காய்க் கேட்டவன். கேட்டது அத்தனையும் தலையில் நிற்கிறது. ஆனால் முதலில் இருந்து, வரிசையாய். நடுவில் அறுத்தால் போச்சு. சொல் பிசகினால் அங்கே கிழவர்கள் இருமுவார்கள். சாட்சியையும் நான் அப்படித்தான் பிடித்து வைத்தேன், ஒரு சொல் பொய்யாகக் கூடாதென்று.

அதனால் திரும்ப, "அண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று துவங்கினேன். துரை மறித்தார். திரும்பத் துவங்கினேன். பார்த்தசாரதி என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். துரை பேனையை மூடிவிட்டார்.

பேனையை ஏன் மூடினவர்? அதுதான் இப்ப என்ரை பயம்.

1985 நவம்பர் 28, வியாழன்

வெளியே பனி. குசினியில் எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி. அங்கே கதிர்காமநாதன் மாஸ்டர் இருந்தால் அவரின் புலவரும் இருப்பார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பெரிய கொலிச்சில் இங்கிலீசு படிப்பித்தவர். அறுநூறு வருசத்துக்கு முந்தின ஒரு இங்கிலீசுப் புலவரைப் பற்றிக் கொழும்பில் நின்று ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்த இடத்தில் 83 கலவரம் வந்தது. உடுப்பு ஒன்றும் கொண்டுவராமல் அந்தப் புலவரின் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தவர்.

எங்கள் மாடி ஸ்ரீஸ்கந்தராஜா அவரை விடமாட்டான். வாய்க்காரன். "மாஸ்டர், உங்கடை புலவருக்கும் அகதிக் கார்ட் எடுத்தாச்சோ?" என்று கேட்பான். மாஸ்டர் கோபிக்கமாட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லுவார்.

புலவர் வைன் விற்கிறவரின் மகனாம். சின்னனிலே கொள்ளைநோய் வந்து ஊரில் அரைவாசி செத்ததாம், இவர் தப்பினாராம். சண்டைக்குப் போன இடத்தில் பிரெஞ்சுக்காரன் பிடித்துவைத்திருந்து, ராசா மீட்டு எடுத்தாராம். பெரிய இடங்களில் பிரெஞ்சு பேசின காலத்தில் இவர் சந்தை இங்கிலீசில் பாட்டுக் கட்டினாராம். உத்தியோகம் துறைமுகத்தில், ஆட்டுமயிர் வரிக்கணக்குப் பார்க்கிறது.

"அப்ப கஸ்டம்ஸ் கிளாக்கர்," என்றான் ஸ்ரீஸ்கந்தராஜா. "அதுதான் கவிதை எழுத நேரம் கிடைச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தோம். மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. வந்தது பொலிஸ் இல்லை, விளக்கு மாட்டுகிறவன்.

1985 டிசம்பர் 9, திங்கள்

மஞ்சள் உறை இல்லை.

1985 டிசம்பர் 20, வெள்ளி

விடியப்புறம் பொலிஸ் வான் வந்தது. இரண்டாம் மாடியில் ஒரு கானா நாட்டுப் பொடியனைத் திருப்பி அனுப்பக் கொண்டுபோனார்கள். சப்பாத்துப் போட விட்டார்கள், நூல் கட்ட விடவில்லை. ஜன்னலால் பார்த்தேன். அவன் நூலை மிதித்து மிதித்து நடந்தான்.

எங்கடை கதவைத் தட்டேல்லை. தட்டுவாங்கள் எண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலை நிண்டன். கிழவன், அறுவது கழிஞ்சவன், எலி மாதிரி நிண்டன். இதை எழுதாதை எண்டன். எழுதிப்போட்டாள்.

1986 ஜனவரி 16, வியாழன்

பொங்கிய மறுநாளுக்கு மறுநாள் வந்துவிட்டது. மஞ்சள் உறை. மாஸ்டர்தான் உடைத்தார். அவருக்கு ஜெர்மன் அரைகுறை, அகராதியோடு இருந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவரின் முகம் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது.

இல்லையாம். சொன்னது ஏற்கக்கூடியதாய் இல்லையாம். கேள்வி கேட்டபோதெல்லாம் ஒரே சொற்களையே திரும்பச் சொன்னதால், இது விண்ணப்பகாரர் கண்ட சம்பவம் அல்ல, ஆரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணின கதை என்று தெரிகிறதாம்.

மனப்பாடந்தான். ஓம். மறக்கக்கூடாதெண்டு மனப்பாடம். அது பொய்யோ?

இதற்குள் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஓம் என்று வந்திருக்கிறது. அவன் சொன்ன கதை அவனுடையது இல்லை. சுவிஸிலே இருக்கிற ஒருவனின் கதை. எங்களுக்கெல்லாம் தெரியும். அவன் அழுது, திக்கி, இடையில் மறந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துச் சொன்னானாம். இன்றைக்கு என் கட்டிலில் வந்து இருந்தான். பகிடி விடவில்லை. "அப்பு, உண்மையைச் சொல்லவும் ஒரு நடிப்பு வேணும்," என்றான். கையைத் தட்டிவிட்டேன். பிறகு பாவமாய்ப் போய்விட்டது.

கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? கொழும்பில் இறங்குகிற இடத்திலேயே பேர்ப்பட்டியல் இருக்கும். என் பேர் இருக்கும். சாட்சி சொன்னவன் என்று இருக்கும்.

1986 ஜனவரி 19, ஞாயிறு

மாஸ்டர் சொல்லுகிறார் இன்னும் முடியவில்லை என்று. மேல்கோட்டுக்கு, மேல் நீதிமன்றத்துக்கு, போகலாம். தேவாலயத்து அம்மா ஒரு வழக்கறிஞர் பிடித்துத் தருகிறா. நீதவான் இன்னொருக்கால் என் வாயால் கேட்பாராம். வருசம் ஒன்றும் செல்லலாமாம்.

இன்னொருக்கால்! நடுவிலே அறுத்துக் கேட்டால்?

வயது சரியாய்த் தெரியாது என்றதும் அந்தக் கடிதத்தில் ஒரு குற்றம். பாஸ்போட்டிலே கிடக்கிற திகதி ஏஜென்சிக்காரன் போட்டது. அம்மா சொன்னது, பெரிய புயலுக்குப் பிறகு பிறந்தவன் என்று. எந்தப் புயல்?

மாஸ்டர் சிரித்தார். அவரின் புலவரும் ஒருக்கால் கோடேறிச் சாட்சி சொன்னவராம். இரண்டு பிரபுக்கள் ஒரே கொடிச்சின்னத்துக்குச் சண்டை. புலவரை வயது கேட்க, "நாற்பதுக்கு மேலே" என்றாராம். அவ்வளவுதான். அதை எழுதி வைத்திருக்கிறார்களாம், இன்றைக்கும் கிடக்கிறதாம். இத்தனை பாட்டுக் கட்டின மனுசனுக்கும் வயது தெரியாது!

"அவரை நம்பினவையோ, மாஸ்டர்?"

"நம்பினவை. அவர் எப்பிடிச் சொன்னவர் தெரியுமோ அண்ணை? ஒரு தெருவாலை நடந்து போனனான், ஒரு வீட்டு வாசலிலை அந்தச் சின்னம் தொங்கினது, உது ஆரின்ரை எண்டு அதிலை நிண்ட ஒருத்தனைக் கேட்டனான். இப்பிடிச் சொன்னவர்."

அதிலே என்ன பெரிசு என்று கேட்டேன். அடுத்த கிழமை கோட்டுக்குப் பழகத் தொடங்குவம் என்றார் மாஸ்டர்.

1986 பெப்ரவரி 6, வியாழன்

தொடங்கியாச்சு. சரிவரவில்லை. குசினி மேசைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நீதவான். இந்தப் பக்கம் நான். ஜெயமலர் மடியில்.

"ட்ரக்கிலை எத்தினை பேர்?"

வாயைத் திறந்தால் அண்டைக்கு வெள்ளிக்கிழமை என்று வருகிறது. பல்லைக் கடித்து அடக்கினால் ஒன்றுமே வரவில்லை, பெரிய இருட்டு. நான் கண்டவன், என் கண்ணாலே கண்டவன். ஆனால் அந்தச் சொற்களை விட்டு இறங்கினால் எனக்கு அந்தத் தோட்டத்துக்குப் போக வழி தெரியவில்லை.

புஸ்பவதி "காணும் மாஸ்டர், விடுங்கோ" என்றாள்.

1986 பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கும் சரிவரவில்லை.

1986 பெப்ரவரி 23, ஞாயிறு

மாஸ்டர் இன்றைக்கு நீதவானாய் இருக்கவில்லை. புலவரைப் பற்றியே கதைத்தார். சொந்தக் கதை என்று அந்த ஆளிடம் ஒன்றுமே இல்லையாம். முதலில் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துக் கட்டினாராம். பிறகு ராசாவின் அலுவலாய் இத்தாலிக்குப் போன இடத்தில் அங்கத்தைப் பெரும் புலவர்களின் கதைகளைக் கண்டு, அவற்றை எடுத்தாராம். பழைய லத்தீன்காரரிடமும் எடுத்தாராம்.

"களவோ?" என்றேன்.

களவு என்று அந்தக் காலத்தில் ஆரும் சொல்லவில்லையாம். வாங்கினதை என்ன செய்தார் என்கிறதில்தான் எல்லாம் இருக்கிறதாம். யாத்திரை போகிற சனக்கூட்டம் ஒன்றைக் கட்டி, கதைகளை அந்தச் சனத்தின் வாயிலே கொடுத்தாராம். மாவரைக்கிறவன் சொல்லுகிற கதை மாவரைக்கிறவன் மாதிரி வரும். அஞ்சாறு கலியாணம் கட்டின பெண்ணின் கதை அவள் மாதிரி வரும். தன்னையும் அந்தக் கூட்டத்திலே ஒருவனாய் வைத்து, தனக்கு ஒரு படுமோசமான கதையைக் கொடுத்து, பாதியில் "காணும், நிப்பாட்டு" என்று மற்றவன் மறிக்கிற மாதிரி வைத்தாராம்.

எனக்கு என் துரை கையைத் தூக்கினது ஞாபகம் வந்தது.

ஒருக்கால் அவர் நகரத்து வாசலுக்கு மேலே குடியிருந்தபோது உழுது பிழைக்கிற கமக்காரரின் குழப்பம் வந்ததாம். அந்த வாசலாலேதான் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்களாம். வேற்றுப் பாஷைக்காரரைத் தெருவிலே பிடித்து வெட்டினார்களாம். மாஸ்டர் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. 83இல் அவர் கொழும்பில் நின்றவர். "அவ்வளவும் நடந்தது, அண்ணை. இந்த மனுசன் அதைப் பற்றி ஒரு இடத்திலை, போற போக்கிலை, ஒரு வரி. அவ்வளவுதான். ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

பயந்திருப்பார் என்றேன்.

மாஸ்டர் எழும்பிக் கொதித்த தேத்தண்ணியை இறக்கி வைத்தார். பிறகு கேட்டார், "அண்டைக்கு அன்னப்பிள்ளை அக்கா எங்கை நிண்டவ?"

குசினி வேலியோடை, என்றேன்.

"அப்ப அக்கா சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம். அக்கா எப்பிடிச் சொல்லுவா?"

அன்னப்பிள்ளை எப்படிச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாதோ? நாற்பது வருசம் கேட்ட வாய். என்னைத் திட்டாமல் ஒரு கதையும் தொடங்கமாட்டாள். நான் அவள் மாதிரித் தொடங்கினேன், புஸ்பவதி சிரித்துவிட்டாள்.

"இந்த மனிசன் மிசினை நிப்பாட்டாமல் மண்வெட்டியோடை மரம் மாதிரி நிக்குது. நான் இஞ்சாருங்கோ இஞ்சாருங்கோ எண்டு கத்துறன், மிசின் சத்தத்திலை கேட்டாத்தானே. எங்கடை கிணத்தடியிலைதான் இராஜேஸ்வரியின்ரை மோன் குந்தியிருந்து முழுகினவன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக. தலையெல்லாம் சவர்க்காரம். அள்ளி ஊத்த வாளியைத் தூக்கினவன், அவன்கள் விடேல்லை. வாளியைக் காலாலை தட்டிவிட்டான் ஒருத்தன். பிள்ளை கண்ணைத் துடைச்சுத் துடைச்சு நடந்தவன். நுரை கண்ணுக்கை போயிட்டுது. பயத்திலை அழுறான் எண்டு நினைப்பீங்கள், அழேல்லை, எரிவு..."

நிப்பாட்டிவிட்டேன்.

இது என்ரை சாட்சியிலை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. எழும்பினாங்கள் நடந்தாங்கள் எண்டுதான் கிடந்தது. ஆனால் கண்டவன் நான்தான். அன்னப்பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம், அவளுக்குச் சவர்க்காரம் தெரிஞ்சிருக்க ஏலாது. வாளி உருண்டதும் நான் கண்டதுதான். அப்ப இவ்வளவு நாளும் இது எங்கை கிடந்தது?

ஜெயமலரை வாங்கு பிள்ளை.

1986 மார்ச் 2, ஞாயிறு

இப்ப புதுப் பயம். அன்னப்பிள்ளையின் வாயாலே சொன்னால் வருகிறது. ஜீப் பச்சை, கதவில் வெள்ளை இலக்கம். ட்ரக்கை மூடின படங்கு கிழிந்து கிடந்தது. ஒருத்தன் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான். இப்படி வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொருமுறையும் வேறு இடத்தாலே. ஆனால் பழைய சாட்சி ஆடுகிறது. காலையில் எழும்பி வழக்கம்போல மனத்துக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். இரண்டு வெடிக்குப் பிறகு அடுத்த சொல் பிந்தி வந்தது.

அது போனால் நான் பிரஜைகள் குழுவுக்குச் சொன்னது ஆரிடம் இருக்கும்? அவர்களின் கந்தோரும் எரிந்துவிட்டது.

1986 மே 6, செவ்வாய்

ரஷ்யாவில் ஏதோ அணு உலை வெடித்ததாம். மழையிலே நனைய வேண்டாமாம், கீரை வேண்டாமாம், குழந்தைகளுக்குப் பால் வேண்டாமாம். புஸ்பவதி ஜன்னல் எல்லாம் துணி அடைத்துவிட்டு அழுகிறாள். மழை பார்க்கச் சாதாரண மழைதான். குண்டு மழையை விட்டு வந்தோம், இங்கே பச்சைத்தண்ணி மழைக்கும் பயப்பட வேண்டிக் கிடக்கு.

1986 ஜூலை 21, திங்கள்

மாஸ்டர் பேர்லினுக்குப் போய்வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். அனுமதி எடுத்ததாய்த் தெரியவில்லை. புலவரின் புத்தகத்தை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை விட்டுவிட்டு அவர் குளிக்கவும் போகமாட்டார். எனக்கு விளங்கிவிட்டது, ஆள் திரும்பி வராது. புஸ்பவதிக்கு இதை எழுதும்போதுதான் சொல்லுகிறேன்.

1986 ஆகஸ்ட் 14, வியாழன்

கனடாக் கடலில் இரண்டு வள்ளத்தில் எங்கள் சனம் மிதந்ததைப் படம் பிடித்து டிவியில் காட்டினார்கள். மீன்பிடிகாரர் ஏற்றினார்களாம். புஸ்பவதி டிவிக்குக் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். மாஸ்டரின் தலை மாதிரி ஒன்று. அவர்தானோ தெரியாது.

கோட்டுக்கு இனி ஆரோடை போறது?

1986 நவம்பர் 3, திங்கள்

மொன்றியலில் இருந்து தபாலட்டை. மாஸ்டர்தான். கோப்பை கழுவுகிறாராம். புலவர் தன் பெரிய புத்தகத்தை முடிக்காமலே செத்தவர், நானும் அவரைப் பற்றின என் புத்தகத்தை முடிக்கப் போவதில்லை, இரண்டு பேருக்கும் சரி என்று எழுதியிருக்கிறார். கடைசியில் எனக்கு ஒரு வரி: அக்காவைக் கேளுங்கோ.

1987 மார்ச் 4, புதன்

நாளைக்குக் கோடு. வழக்குத் தவணை சொல்லுகிற தெர்மீன் கடிதத்தை மூன்று தரம் புஸ்பவதியிடம் வாசிப்பித்தேன். திகதி மாறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சேட்டுக்குப் பொத்தான் இல்லை, அவள் தைத்துத் தந்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா இப்ப வெளியில் வீடு எடுத்து இருக்கிறான், வேலையை விட்டுவிட்டுக் கூட வாறன் என்றான். "அப்பு, திக்குங்கோ. கொஞ்சம் திக்கினால் போதும்."

பயம் பயம். வேறை ஒண்டும் எழுத இல்லை.

1987 மார்ச் 5, வியாழன்

அதே பார்த்தசாரதிதான் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார்.

நீதவான் ஒரு பெண். கண்ணாடியை நெற்றியிலே ஏற்றிவிட்டுப் பார்த்தா. வயது கேட்டா. அறுபதுக்கு மேலே என்றேன். அதோடு விட்டா.

நடந்ததைச் சொல்லச் சொன்னா. அண்டைக்கு வெள்ளிக்கிழமை என்றேன், வேறு எதாலே தொடங்க? அவ கையைத் தூக்கவில்லை. ஆனால் இரண்டு வரி போனதும் கேட்டா, அந்தப் பொடியன்கள் கிணற்றடியிலே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று.

பார்த்தசாரதி மொழிபெயர்த்தார். இருட்டு வந்தது. பழைய இருட்டு. சேட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்ப அந்த இருட்டுக்குள்ளே அன்னப்பிள்ளை கத்துகிறாள், இஞ்சாருங்கோ, மரம் மாதிரி நிக்குது இந்த மனிசன்.

"முழுகினவங்கள் அம்மா. ஒருத்தனுக்குத் தலையெல்லாம் சவர்க்காரம்," என்றேன்.

பிறகு அவ கேட்டது எல்லாத்துக்கும் சொன்னேன். வாளி உருண்டது. படங்கு கிழிந்தது. வாழைப்பழம். முன்னுக்குப் பின் மாறிச் சொன்னேன், இடையிலே நான் சொன்னதை நானே பிழை என்று திருத்தினேன். அழவில்லை. பார்த்தசாரதிதான் ஒரு இடத்திலே நிப்பாட்டிக் கைலேஞ்சி எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நீதவான் அம்மா எழுதுகிறதை விட்டுவிட்டுச் சவர்க்காரம் என்ன நிறம் என்று கேட்டா. சிவப்பு என்றேன்.

வெளியே வந்து வாங்குப் பலகையிலே இருந்தேன். ஸ்ரீஸ்கந்தராஜா என்ன நடந்தது என்று கேட்க, தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

1987 ஏப்ரல் 9, வியாழன்

மஞ்சள் உறை. தேவாலயத்து அம்மா வந்திருந்த நேரம் வந்தது. அவவிடம் நீட்டினேன். வாசித்தா. வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தா, என் வயதில் ஒருத்தரும் செய்யாத வேலை.

இருக்கலாமாம்.

இன்றைக்கும் வாசலில் சைக்கிள் சாத்தும் சத்தத்துக்கு எழும்பி நின்றேன். அது போகாதுபோல.

1987 நவம்பர் 22, ஞாயிறு

ஊரிலே இந்திய ஆமியின் ஷெல். மல்லாகத்திலிருந்து கடிதம் இல்லை. புஸ்பவதிக்கும் பிள்ளைக்கும் பேர்லின் போக அனுமதி வந்துவிட்டது, அங்கே நொய்கெல்னில் புருசன் அறை எடுத்திருக்கிறான். நாளைக்குப் போகிறார்கள், இனி இதை எழுத ஆள் இல்லை. ஜெயமலர் என் விரலை விடவில்லை, மெல்லப் பிரித்தெடுத்தோம்.

1989 ஒக்டோபர் 8, ஞாயிறு

இதை நானே எழுதுகிரேன். எழுத்து கோணல். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சின்னன்களோடு வாங்கில் இருந்து படித்தது. பிள்ளையல் சிரிக்கும். சிரிக்கட்டும்.

அன்னப்பிள்ளை சுகம். அவளை இங்கே எடுக்க அன்ட்ராக், விண்ணப்பம், போட்டிருக்கிறேன். அவளிடம் இருந்து மிளகாய்த்தூள் வந்தது. கொண்டு வந்தது இராஜேஸ்வரி. மகளோடு இருக்க வந்தவ, பக்கத்து ஊரில். நேற்று அதை ஆளிடம் கொடுத்து அனுப்பினா, நாளைக்கு வாறன் என்று.

விடியவே எழும்பிவிட்டேன். கோட்டுக்குப் போன அன்றைக்கும் இந்தப் பயம் இல்லை. பழைய சாட்சியைச் சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது. பாதி வரவில்லை. அதைக் கேட்கத்தானே வாறா. முன்வாங்கிலே இருந்து கேட்ட மனிசி. ஒரு சொல் பிசகினால் அவவுக்குத் தெரியும். அதிலே நான் நின்று தடுமாறினால் அவ என்ன நினைப்பா? சாட்சியைக் கொடுத்து விசா வாங்கினவன் என்று நினைப்பாவோ?

மூன்று மணிக்கு வந்தா. மெலிந்துவிட்டா. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கையிலே வைத்துக்கொண்டு இருந்தா. ஊர்ப் புதினம் கொஞ்சம் சொன்னா. குடில் இருந்த இடத்தில் இப்ப முருங்கை நிற்குதாம்.

பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னா. "அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். அது வேண்டாம். ஒண்டு மட்டும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. பிள்ளையைக் கொண்டந்து கிடத்தின நேரம் தலைமயிர் எல்லாம் ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தது. ரத்தம் இல்லை. அது என்னண்ணை?"

வெள்ளிக்கிழமைக்குப் போகவில்லை. மிசினுக்குப் போகவில்லை. அவ கேட்ட இடத்திலே நின்று சொன்னேன்.

சவர்க்காரம் பிள்ளை. கோயிலுக்குப் போக முழுகினவன். கழுவ விடேல்லை.

அவ ஆறிப்போன தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய் முழுக்கக் குடித்து முடித்தா. பிறகு எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.